உப்புக் காற்றில் எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்: குமரி மாவட்டத்தில் வாங்கவும் பராமரிக்கவும் முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஒரு குறிப்பிட்ட வகைக் காரைப் பற்றியது. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டம், அதன்மேல் அலுமினியத் தகடோ ஃபைபரோ போர்த்திய உடல், முன்னால் எஞ்சின், பின்சக்கர இயக்கம், இரண்டே இருக்கைகள். கதவும் கூரையும் பெயரளவுக்குத்தான் இருக்கும், சிலவற்றில் அவையும் இரா. 1957-இல் இங்கிலாந்தில் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட லோட்டஸ் செவன் இவ்வகைக்கு மூலவடிவம். முழுதாகப் பூட்டிய காருக்கு அந்நாட்டில் விதிக்கப்பட்ட கொள்முதல் வரி உதிரிகளாக விற்ற காருக்கு இல்லாமல் இருந்ததால், வாங்கியவரே வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொள்ளும்படி அது உதிரிகளாகவும் விற்கப்பட்டது. 1973-இல் அதன் உரிமையைப் பெற்ற கேட்டர்ஹாம் நிறுவனம் இன்றும் அதைச் செய்துவருகிறது. நம் நாட்டில், மகாராஷ்டிரத்தின் அலிபாக் பகுதியில் சின்காரா நிறுவனம் செய்த ரோட்ஸ்டர் இந்த மரபில் வந்தது. கான்டெஸாவிலும் அம்பாசடரிலும் நம் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் அதில் பொருத்தப்பட்டது. சான் நிறுவனத்தின் ஸ்டார்ம் ரெனோவின் 1,149 சிசி எஞ்சின் கொண்டது. அமைப்பில் வேறுபட்டாலும் ஃபைபர் உடலால் அதுவும் பராமரிப்பில் இவற்றுக்கு உறவு.

நாகர்கோவிலுக்கு அருகே, கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், இவ்வகைக் கார் ஒன்றைப் பதினொரு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். எடை மேடையில் நிறுத்தியபோது 645 கிலோ காட்டியது. இந்தக் குறைந்த எடையால் பிரேக் தேய்வதில்லை, டயர் தேய்வதில்லை, சிறிய எஞ்சினே போதுமானதாக இருக்கிறது. ஆனால் அந்த எடையைக் குறைப்பதற்காகக் கைவிட்டவை பல: துத்தநாகம் பூசிய தகடு இல்லை, சக்கரத்தின் உட்புறம் பிளாஸ்டிக் மறைப்பு இல்லை, அதிர்வை விழுங்கும் தடித்த ரப்பர் இல்லை. ஆகவே, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கொண்டுவரும் உப்பு நேராகச் சட்டத்தின்மேல் படிகிறது. சாலையின் ஒவ்வொரு குழியும் நேராக ஒரு போல்டைப் போய்ச் சேருகிறது. பெரிய நிறுவனக் காரில் தொழிற்சாலையே செய்து அனுப்பிவிடும் பாதுகாப்பை இங்கே உரிமையாளர் தம் கையால், வாரந்தோறும் செய்ய வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர் இதை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒதுக்க முடிந்தவருக்கு இந்த மாவட்டத்தைவிட நல்ல இடம் குறைவு. அதன் காரணம் கீழே வரும்.

முதல் படி: காருக்கு முன் தாள்களைப் பாருங்கள்

இந்தியாவில் ஒருவர் தம் வீட்டிலேயே சட்டம் கட்டி, பழைய கார் ஒன்றின் எஞ்சினைப் பொருத்தி, அதைப் புதிய காராகப் பதிவு செய்துகொள்ள எளிய வழி இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் விதி 126-இன்படி, உற்பத்தியாளர் தம் மாதிரி வாகனத்தைப் புனேயின் ஏஆர்ஏஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்திடம் ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். தனிமனிதருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. பழைய காரின் பதிவுச் சான்றை வைத்துக்கொண்டு உடலையும் சட்டத்தையும் மாற்றிவிடலாம் என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வாகனம் மாறுபடுமாறு மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதிசெய்தது. அவ்வாறு மாற்றிய கார் விபத்துக்கு உள்ளானால் காப்பீடு கைகொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே சாலையில் ஓட்ட விரும்புபவர், உற்பத்தியாளர் ஒருவரால் முறையாகச் செய்யப்பட்டு, அதே பெயரிலேயே பதிவான காரை மட்டும் தேட வேண்டும். தாமே கட்டிப் பார்க்க விரும்பும் இளைஞர்கள் கட்டலாம். அது வேலி போட்ட சொந்த நிலத்திற்குள் ஓடட்டும்.

இத்தகைய கார் பெரும்பாலும் வேறு மாநிலத்திலிருந்துதான் கிடைக்கும். அங்குள்ள அலுவலகத்தில் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெற்று, பன்னிரண்டு மாதங்களுக்குள் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டு வரியும் தனியே கட்ட வேண்டும். நாகர்கோவில் பக்கத்தவருக்கு டிஎன் 74, மார்த்தாண்டம் பக்கத்தவருக்கு டிஎன் 75. பதினைந்து ஆண்டு முடிந்த கார் என்றால் படிவம் 25-இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்த பதிவு ஐந்தாண்டு செல்லும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று சேஸ் எண். இவ்வகைக் காரில் அது சட்டத்தின் ஒரு குழாயிலோ, அதில் பற்றவைத்த சிறு தகட்டிலோ பொறிக்கப்பட்டிருக்கும். கடற்கரை ஊரில் நின்ற காரில் துரு அந்த எண்ணையே தின்றுவிடுவதுண்டு. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எல்லா எழுத்துகளும் தெளிவாக அச்சேற வேண்டும். ஓரெழுத்து மங்கியிருந்தாலும் வாங்குவதை நிறுத்திவையுங்கள். தெளிவாக இருந்தால், வாங்கிய அன்றே அந்த இடத்தைத் துடைத்துக் கிரீஸ் பூசி மூடுங்கள்.

இரண்டாம் படி: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

விளக்கு, சிறிய சுத்தியல், ஒரு ரூபாய் நாணயம், பழைய பாய். இவை போதும். பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்துவிடுங்கள். நின்றுகொண்டு இந்தக் காரை மதிப்பிட முடியாது.

சட்டத்தின் குழாய்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும்; உள்ளே துருப்பிடித்து மெலிந்த குழாய் மந்தமாக ஒலிக்கும், சில சமயம் சுத்தியலே உள்ளே அமுங்கும். துரு பெரும்பாலும் தண்ணீர் தேங்கும் தாழ்ந்த மூலைகளிலும், இருக்கைக்குக் கீழும், பேட்டரிக்குக் கீழும்தான் தொடங்கும். சஸ்பென்ஷன் கைகள் சட்டத்தோடு சேரும் இடங்களில் பற்றவைப்பின் ஓரமாகத் தலைமுடி போன்ற கோடும், அந்தக் கோட்டிலிருந்து துருக்கசிவும் தெரிந்தால் அது வெடிப்பு. பெயிண்ட் புதிதாக அடித்த சட்டத்தைப் பார்த்தால் மகிழ வேண்டாம். எதற்காக அடித்தார்கள் என்று கேளுங்கள்.

எஃகுச் சட்டத்தில் அலுமினியத் தகட்டை ரிவிட் அடித்துப் பொருத்திய காரானால், ரிவிட்டுகளின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு, இடையில் உப்புநீர் புகுந்தால், அது சிறிய பேட்டரிபோலச் செயல்பட்டு அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். ரிவிட்டைச் சுற்றிக் கொப்புளம்போலப் பெயிண்ட் எழும்பியிருந்தால் தகட்டைப் பிரித்து, இரு பரப்புக்கும் ஜிங்க் குரோமேட் பிரைமர் அடித்து, மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும். அது ஒரு மாத வேலை. விலை பேசும்போது அதையும் கணக்கில் சேருங்கள்.

ஃபைபர் உடலை நாணயத்தால் தட்டினால், அடுக்குகள் பிரிந்த இடத்தில் ஒலி சட்டென்று மாறும். நட்சத்திரம்போல விரியும் மெல்லிய கோடுகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுப்பரப்பில் இருந்தால் ஏதோ மோதியிருக்கிறது. போல்ட் துளையைச் சுற்றி இருந்தால் அந்த இடம் நெடுநாளாக அதிர்ந்துகொண்டிருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு செய்த வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். இந்தக் காரில் டயர் தேய்வதற்கு முன் வயதாகிவிடும் என்பதால், ஆறு ஆண்டு கடந்ததை, பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும், மாற்றிவிட வேண்டும்.

மூன்றாம் படி: நிறுத்தும் இடமும் கழுவும் தண்ணீரும்

கார் வருவதற்கு முன் கொட்டகையைத் தயார் செய்யுங்கள். சிமெண்ட் தரை, கூரை, மேற்குப் பக்கத்தில் சுவர், மற்றப் பக்கங்களில் காற்றோட்டம்: இதுவே நம் ஊருக்கு ஏற்றது. நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆண்டில் பாதி நாள் காற்றில் ஈரம் இருக்கிறது. பிளாஸ்டிக் தார்பாயால் காரை இறுக்கிப் போர்த்தினால், தரையிலிருந்து எழும் ஆவி உள்ளே குளிர்ந்து சட்டத்தின்மேல் துளித்துளியாக இறங்கும். போர்த்தாமல் விட்ட காரைவிடப் போர்த்திய கார் விரைவில் துருப்பிடிக்கும். பருத்தித் துணி உறையே போதும். தென்னைக்கு அடியில் நிறுத்தக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முட்டம், மணக்குடி, குளச்சல் என்று மேற்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு வந்தால், அன்று மாலையே அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் என்பதுதான் இங்கே முக்கியம். கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதைக் கொண்டு கழுவுவது உப்பை மீண்டும் பூசுவதாகும். கழுவும் தண்ணீரை முதலில் வாயில் வைத்துப் பாருங்கள். நான் கூரையிலிருந்து மழைநீரை ஒரு தொட்டியில் சேர்த்துவைத்து அதையே பயன்படுத்துகிறேன். சட்டத்தின் மூலைகளில் உள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட்டுக் கழுவுங்கள். கழுவிய பின் பத்து நிமிடம் ஓட்டினால் பிரேக்கும் எஞ்சின் பகுதியும் காய்ந்துவிடும். அதிக வேகத்தில் பாயும் தண்ணீரை ரேடியேட்டரின் மெல்லிய இதழ்களுக்கு நேராகப் பீய்ச்ச வேண்டாம், அவை மடங்கிவிடும்.

நம் ஊரில் வண்டியின் அடியில் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசும் வழக்கம் இருக்கிறது. இந்தக் காருக்கு அது வேண்டாம். அந்த ஆயில் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், மணலையும் ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கொருமுறை, மழை முடிந்து நன்றாகக் காய்ந்த ஜனவரியில், குழாய்களின் உட்புறத்திற்கு மெழுகுத் திரவம் செலுத்துவதே சரியான பாதுகாப்பு.

நான்காம் படி: வாரம் ஒருமுறை போல்ட் பார்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு போல்டையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) சரியான அளவுக்கு இறுக்கிய பின், நட்டிலிருந்து சட்டம் வரை ஒரே கோடாக மஞ்சள் பெயிண்டால் கீறிவிடுங்கள். நட் சிறிதளவு திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். அதன்பின் வாராந்திரச் சோதனை விளக்கடித்துக் கோடுகளைப் பார்ப்பதுதான். என் காரில் நாற்பத்திரண்டு கோடுகள் உள்ளன. பதினைந்து நிமிடத்தில் பார்த்துவிடுவேன். கோடு உடைந்த நட்டைச் சும்மா இறுக்கிவிட்டுப் போகக் கூடாது. அது ஏன் தளர்ந்தது, புஷ் தேய்ந்ததா, துளை நீள்வட்டமானதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும். நைலான் வளையம் கொண்ட நட்டை ஒருமுறை கழற்றினால் மறுபடி பயன்படுத்தாதீர்கள். அதன் விலை சில ரூபாய்தான்.

இறுக்கும் அளவு காரின் கையேட்டில் இருக்கும். கையேடு கிடைக்காத இடத்தில், 8.8 என்ற வலிமைக் குறியைத் தலையில் பொறித்த எட்டு மில்லிமீட்டர் போல்டுக்கு ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டரும், பத்து மில்லிமீட்டர் போல்டுக்கு ஏறக்குறைய 50-உம் என்று தொடங்கலாம். இவை உலர்ந்த மரைக்கான அளவுகள். துருவுக்கு அஞ்சி மரையில் கிரீஸ் பூசினால் அதே அளவில் போல்ட் கூடுதலாக இழுபடும். அப்போது அளவைச் சற்றுக் குறைக்க வேண்டும்.

இங்கே கடற்கரை ஊர்களுக்கே உரிய ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். வள்ளங்களுக்கான சாமான் விற்கும் கடைகளில் பளபளப்பான ஸ்டெயின்லெஸ் போல்டுகள் எளிதாகக் கிடைக்கின்றன. துருப்பிடிக்காது என்று சஸ்பென்ஷனுக்கும் அவற்றையே போட்டுவிடுகிறார்கள். வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை ஸ்டெயின்லெஸ் போல்டின் இழுவலிமை 8.8 எஃகுப் போல்டைவிடக் குறைவு, 10.9 வகையைவிட மிகக் குறைவு. நம்பர் பிளேட், விளக்கு, ஃபைபர் மூடி ஆகியவற்றுக்கு அது நல்லது. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட் ஆகியவற்றுக்கு ஒருபோதும் வேண்டாம். துருப்பிடித்தாலும் சரியான வகை எஃகுப் போல்டையே போட்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஃபைபர் உடல், வள்ளக்காரர்களின் கைவேலை

பெருநகரங்களில் ஃபைபர் உடலைச் சரிசெய்ய ஆள் தேடி அலைவார்கள். நமக்கோ சின்னமுட்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை கடற்கரை முழுவதும் அந்தத் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பாறையில் மோதிப் பிளந்த ஃபைபர் வள்ளத்தை இரண்டு நாளில் கடலுக்கு அனுப்புகிறவர்களுக்குக் காரின் மட்கார்டு பெரிய வேலை இல்லை. முதன்முறையாக என் காரின் முன்மூடி வெடித்தபோது, கார் பெயிண்டர் ஒருவர் வெடிப்பின்மேல் பட்டி பூசி அழகாகப் பெயிண்ட் அடித்துத் தந்தார். நான்கே மாதத்தில் அதே கோடு அதே இடத்தில் திரும்பி வந்தது. அதைப் பார்த்த வள்ளம் செய்பவர் ஒருவர், "அண்ணே, மேல பூசி ஒரு பலனும் இல்ல, உள்ள இருந்து மேட் போடணும்" என்றார். அவர் செய்த வேலை ஏழு ஆண்டாக நிற்கிறது.

முறை இதுதான். வெடிப்பின் முனைகளில் சிறு துளையிட்டு அது மேலும் பரவாமல் நிறுத்த வேண்டும். உட்புறத்தில் வெடிப்பின் இருபுறமும் மூன்று அங்குலம் வரை, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மெலிதாகவும் சரிவாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு சிறிதும் இல்லாமல் நார் தெரிய வேண்டும். அசிட்டோனால் துடைத்துக் காயவிட்டு, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கண்ணாடி நார் மேட்டை, சிறியது ஒன்று, அதைவிடப் பெரியது ஒன்று என இரண்டு துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். பாலியெஸ்டர் ரெசினில் ஒன்றிலிருந்து இரண்டு விழுக்காடு வரை மட்டுமே அதை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட் கலக்க வேண்டும்; விரைவில் இறுகட்டும் என்று கூட்டினால் சூடேறிச் சுருங்கி, பரப்பு அலைபோலாகும். ஒவ்வொரு மேட்டையும் ரெசினில் ஊறவைத்து, உருளையால் காற்றுக் குமிழி இல்லாமல் அமுக்க வேண்டும். இறுகிய பின்புதான் வெளிப்புறத்தில் ஜெல்கோட் என்னும் மேற்பூச்சு. சாதாரண ஜெல்கோட்டின் மேற்பரப்பு காற்றுப் பட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால், இறுகும்வரை மெல்லிய பாலித்தீன் தாளை ஒட்டி மூடிவைப்பார்கள்.

நீங்களே செய்வதானால் ஓர் எச்சரிக்கை. இறுக்கத்தை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவத்தையும் கேட்டலிஸ்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பற்றி வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுமையாகக் கலந்து, பிறகுதான் கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். தேய்க்கும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். கண்ணாடித் தூசி நுரையீரலுக்குக் கேடு.

வள்ளக்காரரிடம் வேலை கொடுப்பவர் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கை அலையைத் தாங்கும் கனத்திற்குப் பழகியது. காரின் உடல் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். கேட்காமல் விட்டால் நான்கு அடுக்கு போட்டுவிடுவார்கள். எடை கூடுவது ஒருபுறம் இருக்க, கனமான ஒட்டு வளையாமல் நிற்கும்போது அதன் ஓரத்தில் மெல்லிய பழைய ஃபைபர் வளைந்து புதிதாக வெடிக்கும். இரண்டாவது, காலம். மீன்பிடித் தடைக்காலம் நம் மாவட்டத்தின் கிழக்குக் கடற்பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கும் அந்த மாதங்களில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, ஈரக்காற்றில் ரெசினும் சரியாகப் பிடிக்காது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போய்க் கேளுங்கள்.

வெடிப்பைச் சரிசெய்து திரும்பியதும் அதன் காரணத்தைச் சரிசெய்ய மறக்க வேண்டாம். பெரும்பாலும் அது போல்டுக்கு அடியில் சிறிய வாஷர் இருப்பதுதான். அகன்ற வாஷரும் அதன் கீழ் ஒரு ரப்பர் துண்டும் போட்டால் வெடிப்பு திரும்பாது.

ஆறாம் படி: நான்கு சக்கரங்களின் எடைச் சமன்

ஆயிரம் கிலோ காரில் ஓட்டுநரின் எடை பெரிதாகத் தெரியாது. 645 கிலோ காரில் எழுபத்தைந்து கிலோ மனிதர் ஒன்பதில் ஒரு பங்குக்கும் மேல். அவர் வலப்பக்கத்தில் அமரும்போது நான்கு சக்கரங்களின் மேல் விழும் சுமை எல்லாம் மாறுகிறது. ஆகவே எடைபார்ப்பது ஓட்டுநர் இருக்கும் நிலையில்தான் இருக்க வேண்டும். இருபத்தைந்து கிலோ அரிசிப் பை மூன்றை இருக்கையில் வைத்தால் வேலை முடிந்தது.

இதற்கான விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ரப்பர் ஷீட் வாங்கும் கடைகளில் 300 கிலோ வரை நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசு இருக்கும்; ஒருநாள் வாடகைக்குக் கேட்டு வாங்கலாம். ஒரு தராசு போதும். அதன் உயரத்திற்குச் சரியாக மூன்று மரக்கட்டைகள் செய்து, மட்டமான தரையில் ஒரு சக்கரத்தைத் தராசின் மேலும் மற்ற மூன்றைக் கட்டைகளின் மேலும் நிறுத்தி, முறைமாற்றி நான்கையும் நிறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காரை அமுக்கி அசைத்து ஸ்பிரிங்கை நிலைப்படுத்திய பின் எண்ணைப் படியுங்கள்.

என் காரில் முதன்முறை கிடைத்த எண்கள்: முன் இடம் 150, முன் வலம் 196, பின் இடம் 194, பின் வலம் 180, மொத்தம் 720. முன் இடத்தையும் பின் வலத்தையும் கூட்டினால் 330. மூலைவிட்டச் சக்கரங்களின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதியாக, அதாவது 360-ஆக இருக்க வேண்டும். மழையில் பிரேக் அழுத்தும்போதெல்லாம் முன் இடச் சக்கரம் மட்டும் முதலில் சிக்கி வழுக்கிக்கொண்டிருந்ததன் காரணம் அன்றுதான் புரிந்தது; அதன்மேல் சுமையே போதவில்லை. அந்தச் சக்கரத்தின் ஸ்பிரிங் தாங்கும் வளையத்தைச் சிறிது சிறிதாக மேலேற்றினால், அதிலும் அதன் மூலைவிட்டத்திலும் சுமை கூடி, மற்ற இரண்டிலும் குறையும். ஒரு பிற்பகல் முழுவதும் திருகித் திருகி 165, 181, 179, 195 என்று கொண்டுவந்தேன். வளையத்தைத் திருப்பிய பின் சக்கர நேர்கோட்டை (வீல் அலைன்மென்ட்) கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும்.

டயர் காற்றும் இதோடு சேர்ந்ததே. வழக்கமான கார்களுக்குச் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டுக்கு மேல் அடிப்பார்கள். இவ்வளவு குறைந்த எடைக்கு 18 முதல் 22 வரை போதும். கையேடு சொன்னால் அதுவே இறுதி. பெட்ரோல் பங்க்கில் பழக்கத்தில் 32 அடித்துவிட்டால் கார் தவளைபோலத் தாவும், மழையில் பிடிமானமும் இருக்காது. சொந்தமாக ஓர் அளவுமானி வைத்துக்கொண்டு, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது நீங்களே பாருங்கள்.

ஏழாம் படி: பிரேக், பெட்ரோல், மின்கம்பிகள்

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நீர் ஏறிய நிலைக்கு வகுத்த வரம்பு 155 டிகிரிதான். நம் ஈரக்காற்றில் அதை ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். இவ்வகைக் கார்கள் பலவற்றில் பிரேக்குக்கு வெற்றிட உதவி கிடையாது. பெடல் கடினமாக இருப்பது இயல்பு, பஞ்சுபோல் இருப்பது கோளாறு.

பெட்ரோலில் இப்போது இருபது விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். இருபது ஆண்டுக்கு முன் செய்த காரின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. என் காரின் குழாய் ஒன்று வெளியே பளபளப்பாகவும் உள்ளே விரிசலாகவும் இருந்ததை, கார்புரேட்டரின் கீழ் பெட்ரோல் நெடி வந்த பின்தான் கண்டேன். எல்லா எரிபொருள் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். எத்தனால் நீரை இழுக்கும் என்பதால் மழைக்காலத்தில் பாதி டேங்கோடு வாரக்கணக்கில் நிறுத்த வேண்டாம், நிறைத்து நிறுத்துங்கள். கைக்கு எட்டும் இடத்தில் இரண்டு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பானைப் பொருத்தியே ஆக வேண்டும், ஏனெனில் ரெசின் பற்றினால் விரைவில் எரியும்.

மின்கோளாறுகளில் பெரும்பாலானவை எர்த்தில்தான். இரும்பு உடல் கொண்ட காரில் உடலே எர்த்தாகும். ஃபைபரில் மின்சாரம் பாயாது என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் கம்பி சட்டம் வரை செல்லும். அந்த முனைகளில் உப்புப் பூத்தால், இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கும். ஆண்டுக்கொருமுறை எல்லா எர்த் முனைகளையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் பூசிப் பொருத்தினால் பாதித் தொல்லை தீரும். கார் நிற்கும்போது பேட்டரியைத் துண்டிக்க ஒரு சுவிட்சும் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகையில் எலி கம்பியைக் கடித்தாலும் தீ வராது.

எட்டாம் படி: நம் சாலைகளில் ஓட்டுதல்

முதல் கவலை வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் உயரமும், பதினேழு மீட்டர் ஆரமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.25 மீட்டர் உள்ள கார் அதன்மேல் நிற்கும்போது, நடுவில் வளைவு நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே மேலெழும். பத்து சென்டிமீட்டர் இடைவெளி உள்ள கார் தாராளமாகக் கடந்துவிடும். ஊர்களுக்குள் தாமாகப் போட்ட ஒரு முழ அகலத் தடைகளில்தான் எஞ்சினின் ஆயில் தொட்டி அடிபடும். அவற்றைச் சாய்வாக, ஒரு சக்கரத்தை முதலில் ஏற்றிக் கடக்க வேண்டும். புதிய வழியில் போவதற்கு முன் இருசக்கர வாகனத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவருவது என் வழக்கம். ஆயில் தொட்டிக்குக் கீழ் மூன்று மில்லிமீட்டர் அலுமினியக் காப்புத் தகடும் போட்டிருக்கிறேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றுக்கு முப்பந்தலின் காற்றாலைகளே சாட்சி. நாகர்கோவிலிலிருந்து போகும்போது அது முதுகைத் தள்ளுவதால் தெரியாது. காவல்கிணறு தாண்டிக் கன்னியாகுமரி நோக்கித் தெற்கே திரும்பியதும் அதே காற்று பக்கவாட்டில் அடிக்கும். அதே சாலையில் வடக்கே திரும்பி வரும்போது, லாரியை முந்தும் சில நொடி காற்று நின்று, லாரியின் முகப்பைத் தாண்டியதும் மொத்தமாக வந்து மோதும். எடையில்லாத கார் ஓரடி நகர்ந்துவிடும். அந்த மாதங்களில் அங்கே முந்துவதைத் தவிருங்கள். உங்கள் தலை லாரியின் சக்கர உயரத்தில் இருக்கிறது, ஓட்டுநர் உங்களைக் காணவில்லை என்று எண்ணியே ஓட்டுங்கள்; பகலிலும் விளக்கு எரியட்டும்.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை செல்லும் சாலையும், தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறை செல்லும் சாலையும் இந்தக் காருக்காகவே போட்டவைபோல் இருக்கும். ஆனால் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலத்திலும் சாரல் நாட்களிலும் நனைந்த இலை வளைவுகளில் எண்ணெய்போல வழுக்கும். குறைந்த எடையும் அகன்ற டயரும் சேரும்போது தேங்கிய நீரின்மேல் கார் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைந்துவிடும். அங்கே தண்ணீர் நிற்கும்போது ஐம்பதுக்கு மேல் போவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

வீடு திரும்பியதும் உடனே உறையைப் போட வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியிலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். முன்னிரண்டும் ஒரே அளவும், பின்னிரண்டும் ஒரே அளவும் சுட வேண்டும். ஒன்று மட்டும் அதன் இணையைவிட மிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது, அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. ஆறியதும், அன்றிரவே அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.